கணினியில் வைரஸ் என்ற சந்தேகம் வந்தால் முதலில் எதைக் காப்பாற்ற வேண்டும்?

வீட்டுக் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டதோ என்ற சந்தேகம் எழுந்ததும், பெரும்பாலானோர் முதலில் செய்வது ஏதாவது ஒரு ஆன்டிவைரஸை இறக்கி ஸ்கேன் ஓட்டுவதுதான். ஸ்கேன் தேவைதான், ஆனால் அதை முதல் வேலையாக வைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. இன்று வீட்டுக் கணினிகளுக்குள் நுழையும் நச்சுநிரல்களில் மிக ஆபத்தானவை, உலாவியில் சேமித்து வைத்திருக்கும் கடவுச்சொற்களையும், நாம் உள்நுழைந்திருக்கும் கணக்குகளின் குக்கிகளையும் (உள்நுழைந்ததை உலாவி நினைவில் வைத்துக்கொள்ளும் சிறு பதிவுகள்) அள்ளிக்கொண்டு சில நிமிடங்களிலேயே வேலையை முடித்துவிடுகின்றன. அவற்றுள் சில, வேலை முடிந்ததும் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும். அதன் பிறகு ஸ்கேன் ஓட்டி ‘எதுவும் இல்லை’ என்று வந்தால் அது உண்மையாகவே இருக்கலாம்; ஆனால் போனது போனதுதான். ஆகவே கணினியைச் சுத்தம் செய்வதற்கு முன்னால் கணக்குகளைக் காப்பாற்றுங்கள் என்பதையே நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அதற்கும் முன்னால், வந்திருப்பது உண்மையிலேயே வைரஸ்தானா என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். திரையின் வலது கீழ் மூலையில் ‘உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள் உள்ளன’ என்ற ரீதியில் அடுக்கடுக்காக வரும் எச்சரிக்கைகள், பெரும்பாலும் என்றோ ஒரு நாள் ஏதோ ஓர் இணையதளத்துக்கு ‘அனுமதி’ கொடுத்ததால் வரும் உலாவி அறிவிப்புகளே. கூர்ந்து பார்த்தால், அந்த எச்சரிக்கையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் உலாவியின் பெயரும் அந்தத் தளத்தின் முகவரியும் இருக்கும். உலாவியின் அமைப்புகளுக்குள் போய் அந்தத் தளத்துக்கான அறிவிப்பு அனுமதியை நீக்கினால் எச்சரிக்கைகள் நின்றுவிடும். முழுத் திரையையும் மறைத்துக்கொண்டு, அலறல் ஒலியோடு ஒரு தொலைபேசி எண்ணைக் காட்டும் பக்கமும் இதுபோன்ற போலிதான். விண்டோஸின் உண்மையான வைரஸ் எச்சரிக்கையில் அழைக்கச் சொல்லி எண் எதுவும் வராது. எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். விலகாவிட்டால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து உலாவியை நிறுத்திவிட வேண்டும். மீண்டும் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கட்டுமா என்று கேட்டால் மறுத்துவிட வேண்டும். கணினி மந்தமாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பின்னணியில் ஓடும் விண்டோஸ் அப்டேட்டோ, பழுதாகத் தொடங்கிய வன்தட்டோ அதற்குக் காரணமாக இருக்கலாம்.

ஒன்றை மட்டும் சந்தேகம் என்ற நிலையில் விட்டுவைக்கக் கூடாது. ‘நீங்கள் மனிதர்தான் என்பதை உறுதி செய்யுங்கள்’ என்று சொல்லும் ஒரு பக்கம், விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, பிறகு கன்ட்ரோல்-வி அழுத்தி, என்டர் தட்டச் சொல்லும். 2024 முதல் இந்த ஏமாற்று வேகமாகப் பரவி வருகிறது. அந்த இணையப் பக்கத்தில் உள்ள பொத்தானைச் சொடுக்கியபோதே ஒரு நீண்ட கட்டளை நமக்குத் தெரியாமல் கிளிப்போர்டில், அதாவது நகலெடுத்ததை ஒட்டும்வரை வைத்திருக்கும் நினைவகத்தில், ஏறிவிடுகிறது. திறக்கும் ‘ரன்’ பெட்டி சிறியது என்பதால் ஒட்டிய கட்டளையின் கடைசிப் பகுதி மட்டும்தான் கண்ணில் படும்; அந்தக் கடைசிப் பகுதியில் ‘நான் ரோபோ அல்ல’ என்பது போன்ற சாதுவான சொற்களை எழுதி வைத்திருப்பார்கள். வீட்டில் யாராவது இதைச் செய்திருந்தால், கடவுச்சொற்கள் திருடு போய்விட்டன என்றே எடுத்துக்கொண்டு செயல்பட வேண்டும். அவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள். திட்டு விழும் என்று அஞ்சினால் என்ன நடந்தது என்பதை மறைப்பார்கள். நமக்கோ அந்த விவரம் ஒவ்வொன்றும் தேவை.

உடனடியாகக் கணினியின் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, கைபேசியையோ சந்தேகத்துக்கு இடமில்லாத வேறொரு கணினியையோ எடுத்துக்கொள்ள வேண்டும். பாதிக்கப்பட்ட கணினியிலேயே உட்கார்ந்து கடவுச்சொல்லை மாற்றினால் புதிய கடவுச்சொல்லும் திருடர்கள் கைக்குப் போகும். மற்ற பெரும்பாலான கணக்குகளின் கடவுச்சொற்களையும் மின்னஞ்சல் வழியாகவே மீட்டமைக்க முடியும் என்பதால், முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி, பிறகு மற்றவை. கடவுச்சொல்லை மாற்றியதோடு நிறுத்திவிடாமல், ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்ற வசதியையும் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். கடவுச்சொல்லும் ஓடிபியும் கொடுத்து ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்ட ஒருவர் என்பதற்கான அடையாளமே குக்கியில் இருக்கிறது. அது கையில் இருந்தால் திருடனுக்குக் கடவுச்சொல்லும் தேவையில்லை, ஓடிபியும் தேவையில்லை. அப்படியே, மின்னஞ்சலில் நமக்குத் தெரியாத மீட்பு எண்ணோ, வரும் கடிதங்களை வேறொரு முகவரிக்குத் திருப்பிவிடும் விதியோ சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

இதையெல்லாம் முடித்த பிறகுதான் கணினியின் முறை. என் அண்ணன் வீட்டுக் கணினியைப் பார்க்க அவர் என்னை அழைத்தபோது, தேடல் எல்லாம் முன்பின் அறியாத ஒரு தளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஸ்கேனோ திரும்பத் திரும்ப ‘அச்சுறுத்தல் இல்லை’ என்றது. குரோம் மெனுவின் அடியில் ‘உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்ற வரி இருந்தது. வீட்டுக் கணினியை எந்த நிறுவனம் நிர்வகிக்கும்? சில ஆன்டிவைரஸ் மென்பொருள்களாலும் அந்த வரி வரலாம் என்றாலும், அங்கே அப்படி எதுவும் நிறுவப்படவில்லை. நீக்கவே முடியாதபடி ஒரு நீட்டிப்பு (உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்), விண்டோஸின் உள் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரி வழியாகத் திணிக்கப்பட்டிருந்தது. விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேனிலிருந்து விலக்கப்பட்டவற்றின் பட்டியலைத் திறந்தபோது, சி டிரைவ் முழுவதும் அதில் இருந்தது. எதையும் பார்க்காதே என்று கட்டளையிடப்பட்ட ஸ்கேனர், எதையும் காணவில்லை என்று சொல்லியிருக்கிறது. அன்றிலிருந்து ஸ்கேன் ஓட்டுவதற்கு முன்னால் அந்தப் பட்டியலைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

பட்டியலைத் துடைத்த பிறகு, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுவது நல்லது. விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே அது இயங்குவதால், ஒளிந்துகொள்ளும் நச்சுநிரல்களுக்கு இடம் கிடைப்பதில்லை. சுமார் 15 நிமிடங்களில் முடிந்துவிடும். இரண்டாவது கருத்துக்கு மால்வேர்பைட்ஸ் என்ற ஸ்கேனரின் இலவசப் பதிப்பு போதும். தனிப்பட்ட ஒரு கோப்பின் மீது சந்தேகம் இருந்தால், பல ஸ்கேனர்களைக் கொண்டு கோப்பைச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார்க்கலாம். எழுபதுக்கும் மேற்பட்ட ஸ்கேனர்களில் ஒன்று மட்டும் குறை சொன்னால் அது தவறான எச்சரிக்கையாகவும் இருக்கக்கூடும். ஆனால் அங்கே ஏற்றும் கோப்புகள் பிறருடனும் பகிரப்படும் என்பதால் சொந்த ஆவணங்களை ஒருபோதும் ஏற்றக் கூடாது.

கடவுச்சொல் திருடும் நச்சுநிரலோ, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் நிரலோ இருந்தது உறுதியானால், சுத்தம் செய்து பார்ப்பதில் நேரத்தைச் செலவிடாமல் விண்டோஸை முழுதாக அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவதே சரி என்பது என் முடிவு. எது எங்கே மிச்சமிருக்கிறது என்ற ஐயத்தோடு அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்க என்னால் முடியாது. நிறுவுவதற்கான பென்டிரைவை வேறொரு கணினியில் தயாரிக்க வேண்டும். படங்களையும் ஆவணங்களையும் மட்டும் நகலெடுத்துக்கொண்டு, நிறுவல் கோப்புகளை விட்டுவிட வேண்டும். நகலெடுக்கும்போது கோப்புப் பெயர்களின் பின்னொட்டு தெரியும்படி அமைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் அதை இயல்பாக மறைத்துவிடுகிறது; 2000 மே மாதம் உலகையே அலைக்கழித்த ‘ஐ லவ் யூ’ புழு, ஒரு நிரலைச் சாதாரண எழுத்துக் கோப்பு போலக் காட்டியது இந்த மறைப்பைப் பயன்படுத்தித்தான். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வகை என்றால், பூட்டிய கோப்புகளை அழிக்காமல் எடுத்து வைத்துக்கொண்டு, ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் திறவுகோல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

புதிதாக நிறுவியதும் எல்லா அப்டேட்டுகளையும் போட்டுவிட வேண்டும். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை நச்சுநிரல் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளிவந்திருந்தது. பிறகு குரோமில் உள்நுழையும்போது, உலாவி அமைப்புகளைக் கணினிகளுக்கிடையே ஒன்றாக வைக்கும் ஒத்திசைவில் (சிங்க்) நீட்டிப்புகளைச் சேர்க்காமல் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் பழைய நீட்டிப்பு ஒத்திசைவின் வழியாகவே புதிய கணினிக்குள் வந்து உட்கார்ந்துவிடக்கூடும். தேவையானவற்றை ஒவ்வொன்றாக நாமே தேடி நிறுவிக்கொள்ளலாம்.