கொழிஞ்சாம்பாறைக் குறிப்புகள்: பழைய ஸ்கேனரும் அப்பாவின் தகரப் பெட்டியும்

2024 மே 12, ஞாயிறு

அப்பாவின் தகரப் பெட்டியை இன்று திறந்தோம். ஆதாரங்கள் (நிலப் பத்திரங்கள்), வில்லேஜ் ஆபீஸில் கரம் (நிலவரி) கட்டிய ரசீதுகள், அத்தை பொள்ளாச்சியிலிருந்து எழுதிய இன்லண்ட் கடிதங்கள். கடிதமெல்லாம் தமிழ், சர்க்கார் காகிதமெல்லாம் மலையாளம். கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில் எங்களைப் போன்ற எந்த வீட்டுப் பெட்டியைத் திறந்தாலும் இப்படித்தான் இருக்கும்.

அடியில் தாத்தாவின் பட்டயம். அவர் பாட்டம் (குத்தகை) அளந்து உழுத நிலம் அது. கேரளத்தில் 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறை ஒழிந்து, உழுதவருக்கே நிலம் என்று ஆனபின் கிடைத்த காகிதம். ஒரு மூலையைக் கரையான் தின்றிருக்கிறது. அதைப் பார்த்ததும் அப்பா வெகுநேரம் பேசவில்லை.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிடுவது என்று அப்போதே முடிவு செய்தேன். கோவையில் சித்தப்பா வேலை பார்த்த அலுவலகத்தில் ஒதுக்கிவைத்த ஃபுஜிட்சு ஸ்கேன்ஸ்நாப் எஸ்1300 இரண்டு வருடமாக எங்கள் அலமாரியில் இருக்கிறது. பத்துத் தாள் அடுக்கலாம், இரண்டு பக்கத்தையும் ஒரே இழுப்பில் படமெடுக்கும். என் மடிக்கணினியில் இருப்பது விண்டோஸ் அல்ல, டெபியன் 12 என்ற லினக்ஸ்.

மே 13, திங்கள்

லினக்ஸில் ஸ்கேனர்களோடு பேசுவது சேன் என்ற மென்பொருள். ஒவ்வொரு வகை ஸ்கேனருக்கும் அதில் தனி பேக்எண்ட், அதாவது அந்த வகையை இயக்கும் பகுதி, உண்டு. எஸ்1300க்கு உரியது எப்ஜிட்சு.

வயரைச் செருகி மூடியைத் திறந்தேன். இந்த மெஷினுக்கு மூடிதான் சுவிட்ச். நீல விளக்கு எரிந்தது. செருகிய கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையில் பெயர் வந்தது, ஸ்கேனரைத் தேடும் சேன்-ஃபைண்ட்-ஸ்கேனரும் கண்டுகொண்டது. ஆனால் ஸ்கேன் செய்யும் கட்டளையான ஸ்கேன்இமேஜைக் கேட்டால் ஸ்கேனரே இல்லை என்கிறது.

அனுமதிச் சிக்கலாக இருக்கும் என்று சூடோ போட்டு, நிர்வாகி உரிமையோடு ஓட்டிப் பார்த்தேன். அதே பதில். அப்படியானால் காரணம் அனுமதி அல்ல, வேறு ஏதோ.

மே 15, புதன்

காரணம் தெரிந்தது. எப்ஜிட்சு என்ன செய்கிறது என்பதை வரிவரியாகச் சொல்லச் சொல்லி ஸ்கேன்இமேஜை மறுபடி ஓட்டினேன். ஃபர்ம்வேர் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று ஒரு வரி.

இதை விளக்கமாக எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும். பல ஸ்கேனர்களில் உள்ளே இருக்கும் மென்பொருள், அதாவது ஃபர்ம்வேர், அதிலேயே நிரந்தரமாகப் பதிந்திருக்கும். எஸ்1300 அப்படியில்லை. ஒவ்வொரு முறை மின்சாரம் கிடைக்கும்போதும் அது வெறுமையாகத்தான் விழிக்கிறது. தாளை இழு, விளக்கைப் போடு என்ற பாடத்தைக் கணினிதான் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்தப் பாடம்தான் இந்தக் கோப்பு. விண்டோஸில் நிறுவும்போது அது தானாக வந்து உட்கார்ந்துவிடும், அதனால் யாருக்கும் தெரிவதில்லை. அதன் உரிமை தயாரித்தவர்களிடம் இருப்பதால் டெபியன் அதைச் சேர்த்துத் தருவதில்லை. நம்மிடம் உள்ள குறுந்தகட்டிலிருந்து நாமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆக, ஸ்கேனர் கெடவில்லை. ஒரே ஒரு கோப்புக்காக இரண்டு வருடம் அலமாரியில் காத்திருந்திருக்கிறது. இப்படி எத்தனை வீட்டில் எத்தனை நல்ல மெஷின்கள் பழைய இரும்புக்குப் போயிருக்கும்!

குறுந்தகடு ஸ்கேனரின் அட்டைப் பெட்டியிலேயே இருந்தது. என் மடிக்கணினியில் அதைப் போட இடமில்லை. கடைவீதியில் டிடிபி சென்டர் வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். பென் டிரைவில் முழுவதையும் நகலெடுத்துக் கொடுத்துவிட்டு, "காசெல்லாம் வேண்டாம் தம்பி, வேலை செஞ்சா எனக்கும் சொல்லு" என்றார்.

மே 16, வியாழன்

குறுந்தகட்டில் இருந்த கேப் என்ற சுருக்கிய கோப்புப் பொட்டலங்களை அன்ஷீல்ட் என்ற கருவி பிரித்துக் கொடுத்தது. உள்ளே 1300_0சி26 என்று ஒரு கோப்பு, நால் என்ற பின்னொட்டோடு. சேன் கோப்புறைக்குள் எப்ஜிட்சு என்று ஒரு கோப்புறை உண்டாக்கி அங்கே வைத்தேன்.

மறுபடி அதே பிழை. ராத்திரி பதினொன்றரை வரை புரியவில்லை. பிரிக்கும்போது எல்லாப் பெயரையும் சிறிய எழுத்தாக்கும்படி நானேதான் சொல்லியிருந்தேன். எப்ஜிட்சுவின் அமைப்புக் கோப்பில் அந்த "சி" பெரிய எழுத்து. லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு பெயர்கள். மாற்றினேன்.

ஸ்கேன்இமேஜ் உடனே பெயரைச் சொன்னது. ஒரு மின்கட்டண ரசீதை வைத்தேன். உருளை தாளை இழுத்த சத்தம் கேட்டு அம்மா எழுந்து வந்துவிட்டார்.

மே 18, சனி

அக்கா மகள் வந்திருக்கிறாள். பள்ளியில் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் கணினிக் குழுவில் இருக்கிறாள். கேரளத்துப் பள்ளிக் கணினிகளில் லினக்ஸ்தான் என்பதால் இந்தத் திரை அவளுக்குப் புதிதே இல்லை. "தள்ளுங்க மாமா" என்று உட்கார்ந்தவள் நூற்றுப்பத்து ரசீதை முடித்துவிட்டாள். இரண்டு இரண்டு தாளாக இழுக்கத் தொடங்கியபோது ஸ்பிரிட் நனைத்த துணியால் உருளையைத் துடைத்தோம், சரியாகிவிட்டது. 300 டிபிஐ போதும். கையெழுத்துத் தெளிவாக விழுகிறது, கோப்பும் பெருத்துப்போவதில்லை.

அப்புறம் படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் என்ற மென்பொருளைப் போட்டோம். தமிழ், மலையாளம் இரண்டையும் சேர்த்தே படிக்கச் சொல்லலாம். அச்சான ஆதாரங்களைப் பெரும்பாலும் சரியாகப் படித்தது. பேனாவால் எழுதிய ரசீதுகள் அதற்குப் பிடிபடவில்லை. அவற்றுக்கு வருடத்தையும் சர்வே நம்பரையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவைக்கிறோம். நம்பரை அப்பா வாசிக்க, இவள் தட்டச்சு செய்தாள்.

மே 19, ஞாயிறு

பட்டயம் மட்டும் மிச்சம். நான்காக மடித்தே கிடந்து மடிப்பெல்லாம் நைந்துவிட்டது. இத்தனை பாடுபட்டதே இதற்காகத்தான். ஆனாலும் உருளைக்குள் விட எனக்கு மனம் வரவில்லை. தாளைப் பிடித்து இழுக்கும் மெஷின் அது. ஒரு முறை கிழிந்தால் கிழிந்ததுதான்.

திண்ணையில், வெயில் நேராக விழாத இடத்தில், வெள்ளைத் துணி மேல் விரித்தோம். சாமி படச் சட்டத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மேலே வைத்தோம். அக்கா மகள் நாற்காலி மேல் ஏறி நேர்மேலிருந்து போனில் படமெடுத்தாள். "பாத்து, பாத்து" என்று அப்பா கண்ணாடியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே நின்றார். ஒரு படத்தில் அவர் விரலும் விழுந்திருக்கிறது. அதை அழிக்கவில்லை.

டிடிபி அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன். அவரிடமும் இதே மாதிரி ஒன்று தூசி படிந்து கிடக்கிறதாம். நாளைக்குக் கொண்டுவருகிறார்.