அப்பாவைக் கேட்டுத்தான் கேட் பாஸ்

"தீதி, பக்கத்து மெஷின் அக்காவை அவங்க அப்பாகிட்ட கேட்டா வெளிய விடுறீங்க?"

ஜார்க்கண்டிலிருந்து வந்து எங்கள் கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருக்கும் ஓவர்லாக் டெய்லர் (துணி ஓரம் தைப்பவள்) என்னிடம் கேட்டது இது. தீதி என்றால் இந்தியில் அக்கா. வயது 21. ஞாயிறு மதியம் தோழிகளோடு திருப்பூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய்வர பாஸ் கேட்டாள். "அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுத் தர்றேன்" என்றேன்.

அப்போதுதான் அந்தக் கேள்வி. அவள் கோபப்படவில்லை. "சம்பளம் என் கணக்குக்குத்தான் வருது. வீட்டுக்கு அனுப்புறதும் நான்தான்" என்றும் சொன்னாள்.

நான் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. மொழி தெரியாத ஊர். ஏதாவது ஆகிவிட்டால் அவள் வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியது நாங்கள்தான். ஹாஸ்டலுக்குப் பூட்டும் வார்டனும் உண்டு என்று சொன்ன பிறகுதான் அந்தப் பெண்களை வீட்டில் அனுப்பவே சம்மதிக்கிறார்கள். அந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால் இந்த வேலையும் அவளுக்கு இல்லை.

ஆனால் அதே லைனில், அதே கூலிக்குத் தைக்கும் உள்ளூர்ப் பெண் ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ் ஏறிப் போகிறாள். யாரும் அவள் வீட்டுக்கு போன் போடுவதில்லை. 2019-20 தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஆலை வேலையில் இருக்கும் பெண்களில் சுமார் 43 சதவீதம் தமிழ்நாட்டில்தான். புதிதாகச் சேர்பவர்களிடம் இதை நானே பெருமையாகச் சொல்வேன். பெண்களுக்கு இரவு வேலை கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டப் பிரிவு சமத்துவத்துக்கு எதிரானது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000லேயே சொல்லிவிட்டது. இங்கே பட்டப்பகலில் கடைத்தெருவுக்குப் போக அப்பாவின் சம்மதம் வேண்டியிருக்கிறது. அவள் இருப்பது தமிழ்நாட்டில். அவளுக்கு நாங்கள் வைத்திருப்பது அவள் ஊர் வழக்கம்.

அப்புறம் அவள் அப்பாவுக்கு போன் போட்டேன். "எனக்கு என்ன தெரியும் மேடம், நீங்க பார்த்துச் செய்யுங்க" என்றார். இதுதான் இன்னும் உறுத்துகிறது. அவருக்காக என்று நாங்கள் வைத்த விதியை அவர் எங்களிடமே விட்டுவிட்டார்.

பாஸ் கொடுத்தேன். 18 வயது தாண்டியவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்று மாற்றச் சொல்லி எழுதியும் கொடுத்திருக்கிறேன். "மாத்திட்டா அடுத்த பேட்ச் பொண்ணுங்களை வீட்டுல அனுப்புவாங்களா?" என்று மேனேஜர் கேட்கிறார். ஒரு அப்பா சொன்னதை வைத்து எல்லா அப்பாக்களுக்கும் நான் எப்படிப் பதில் சொல்வது?