விசா கிடைத்த மாதமே வீடு போனது

இங்கிலாந்தில் அகதி அந்தஸ்து கிடைத்தவனுக்கு, இருந்த அறையை விட்டு வெளியேறக் கொடுக்கும் அவகாசம் 28 நாள். கேஸ் நடக்கும்வரை ஹோம் ஒஃபிஸ் என்கிற உள்துறை அமைச்சு ஓர் அறையும் செலவுக்குக் கொஞ்சக் காசும் தரும். நான் இருந்த காலத்தில் கிழமைக்கு 49 பவுண் சொச்சம். 'இந்த நாட்டில் இருக்கலாம், வேலை செய்யலாம்' என்று கடிதம் வந்ததும் இரண்டும் நிற்கும். எங்கள் வீட்டில் இருந்த இன்னொரு பெடியனுக்கு முதல் முடிவு நிராகரிப்பு. அவன் அப்பீல் போட்டதால் அதே அறையில் இருந்தான். வென்ற நான் பையைக் கட்டினேன். இதை அவனிடம் சொல்லிச் சிரிக்க முடிந்தது, ஊரில் சொல்ல முடியவில்லை. அம்மா பிள்ளையாருக்கு மோதகம் அவித்துப் படைத்துவிட்டு, 'இனி வடிவான வீடாய்ப் பார் தம்பி' என்றா.

இது நடந்தது 2024 தொடக்கத்தில், வட இங்கிலாந்தின் ஒரு நகரத்தில். பெயர் வேண்டாம், கவுன்சில் (உள்ளூராட்சி சபை) எதுவென்று தெரிந்துவிடும்.

முதலில் அந்த 28 நாள் கணக்கைப் பாருங்கள். யூனிவேர்சல் கிரெடிட் என்கிற அரச உதவிக்கு, விசா கிடைத்ததும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அது மாதம் முடிந்த பிறகே கணக்குப் பார்த்துக் கொடுக்கப்படும் உதவி. முதல் காசு கைக்கு வர ஐந்து கிழமை, அதாவது 35 நாள். அறை போவது 28இல், காசு வருவது 35க்குப் பிறகு. நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், கடிதம் வந்த அன்றே ஓடிப்போய் விண்ணப்பித்தாலும், இடையில் ஒரு பள்ளம் இருக்கும். முற்பணம் கேட்கலாம், தருவார்கள். ஆனால் அது கடன், பிறகு மாதாமாதம் கழிப்பார்கள். அகதிகளுக்கென்றே வட்டியில்லாக் கடன் ஒன்றும் இருக்கிறது. அறைக்கு முற்பணம் கட்ட அதைப் பாவிக்கலாம். ஆக, புது வாழ்க்கை இரண்டு கடனோடு தொடங்குகிறது. அதுவரை வேலை செய்யவும் அனுமதி இல்லாததால் சேமிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

வங்கிக் கணக்குக்கு முகவரி கேட்பார்கள், முகவரிக்கு அறை வேண்டும், அறைக்கு வங்கிக் கணக்கு வேண்டும். இந்த வட்டத்தில் நான் அதிகம் சுற்றவில்லை. வெளியேறுவதற்கு முன்பே, பழைய முகவரியைக் காட்டிக் கணக்கைத் திறந்துவிட்டேன். வீட்டில் இருக்கும்போதே செய்யக்கூடிய முதல் வேலை அதுதான்.

அடுத்தது கவுன்சில். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான பெடியள் இங்கேதான் திரும்பிப் போகிறார்கள். வெளியேறச் சொல்லும் கடிதத்தைக் கொண்டு வீடற்றோர் பிரிவுக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் நல்ல மரியாதையாகத்தான் கதைத்தார். 'பிள்ளைகள் இருக்கிறார்களா? கர்ப்பிணி மனைவி? வருத்தம் ஏதாவது?' எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். 'அப்படியென்றால் உங்களுக்கு முன்னுரிமைத் தேவை இல்லை, எங்களால் எதுவும் செய்ய முடியாது' என்று, தனியார் வீட்டுக்காரர்களின் தொலைபேசி இலக்கங்கள் அச்சடித்த ஒரு தாளைத் தந்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அந்தத் தாளில் இருந்த எல்லோருக்கும் அழைத்தேன். பாதி இலக்கம் வேலை செய்யவில்லை. எடுத்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, 'வேலை செய்கிறாயா, பெனிஃபிட்டா (அரச உதவியா)?' இரண்டாவது, 'உனக்குப் பிணை நிற்க, வீடும் சம்பளமும் உள்ள ஒருவர் இருக்கிறாரா?'

அகதிகளுக்கு உதவும் ஒரு தொண்டு அமைப்பில் இருந்த வயதான வெள்ளைக்காரர் ஒருவர்தான் சட்டத்தை விளங்கப்படுத்தினார். முன்னுரிமைத் தேவை இல்லாவிட்டால் தற்காலிகத் தங்குமிடம் தர வேண்டிய கடமை கவுன்சிலுக்கு இல்லை, அது உண்மை. ஆனால் 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வீடின்மைக் குறைப்புச் சட்டம் வேறு ஒன்றும் சொல்கிறது. 56 நாளுக்குள் வீடிழக்கப் போகிறவர் தனியாளாக இருந்தாலும், உதவி பெறத் தகுதி உள்ளவர் என்றால், விண்ணப்பத்தை எடுக்க வேண்டும், நிலைமையை மதிப்பிட வேண்டும், ஒரு திட்டம் எழுதிக் கையில் தர வேண்டும். அகதி அந்தஸ்து பெற்றவருக்கு அந்தத் தகுதி உண்டு. 'முடியாது' என்றால் அதையும் காரணத்தோடு எழுதித்தர வேண்டும், அதை மறுபரிசீலனை செய்யக் கேட்க 21 நாள் இருக்கிறது. வாயால் சொன்ன 'இல்லை'யை எதிர்த்து எங்கே போவது?

திரும்பவும் போனேன். இந்த முறை அவர் தட்டச்சு செய்துதந்த ஒற்றை வரி கையில் இருந்தது: என் விண்ணப்பத்தைப் பதியுங்கள், மறுப்பதென்றால் எழுத்தில் தாருங்கள். அதே கண்ணாடி, வேறு அலுவலர். தாளை வாசித்தார், உள்ளே போனார், வந்து 'உட்காருங்கள்' என்றார். கோபப்படவில்லை, சண்டையும் இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் எடுத்துத் தந்தார்கள், அதற்குக் காசு இல்லை. விண்ணப்பம் பதிந்தது.

பதிந்ததால் உடனே அறை கிடைத்ததா என்றால் இல்லை. வெளியேற வேண்டிய நாள் முதலில் வந்தது.

லண்டன் போகலாமா என்று யோசித்தேன். ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ இறங்கினால் தமிழ்க் கடை, கோயில், தெரிந்த முகம் என்று ஏதாவது இருக்கும். ஆனால் ஹோம் ஒஃபிஸ் கடைசியாக எந்தக் கவுன்சில் எல்லைக்குள் உங்களை வைத்திருந்ததோ, அதோடுதான் சட்டப்படி உங்களுக்கு உள்ளூர்த் தொடர்பு. லண்டன் கவுன்சில் என்னைத் திருப்பி இங்கேயே அனுப்பலாம். ஸ்கொட்லாந்தில் 2012 முடிவோடு இந்த முன்னுரிமைச் சோதனையையே எடுத்துவிட்டார்கள், அதனால் சில பெடியள் கிளாஸ்கோவுக்கு வெளிக்கிட்டார்கள். எனக்கு அந்தத் துணிவு வரவில்லை.

தெரிந்த அண்ணை ஒருவர், 'வேறை இடம் கிடைக்கும்வரை வந்து படு' என்றார். அவருடைய அறையில் ஏற்கெனவே நாலு பேர். இரவு வேலைக்காரன் வந்து படுக்க, பகல் வேலைக்காரன் எழும்பிப் போவான். மெத்தை ஆறுவதில்லை. ஒருவரும் என்னிடம் காசு கேட்கவில்லை, சோற்றிலும் பங்கு இருந்தது. சிக்கல் கவுன்சில் பக்கத்திலிருந்து வந்தது. 'நீ தங்கியிருப்பவர், இனித் தங்க முடியாது என்று ஒரு கடிதம் தரட்டும்' என்றார்கள். அண்ணையின் முகம் மாறிவிட்டது. அறையில் இத்தனை பேர் இருப்பது வீட்டுக்காரருக்குத் தெரியாது. கடிதத்தில் பெயரும் முகவரியும் போட்டால் எல்லோருமே வெளியே போக வேண்டி வரலாம். 'எழுதித் தரேலாது தம்பி, ஆனால் நீ இரு' என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

எங்கள் ஆட்களில் வீடற்றவர்கள் இல்லை என்று பலர் பெருமையாகச் சொல்வார்கள். தெருவில் காணாததால் அப்படிச் சொல்கிறார்கள். இந்த மாதிரி அறைகளில் முறை வைத்துப் படுப்பவர்களை யார் கணக்கெடுப்பது? இங்கத்தைய சட்டப்படி, உரிமை எதுவும் இல்லாமல் இன்னொருவர் தரையில் படுப்பவரும் வீடற்றவர்தான். இது தெரிந்த பிறகுதான் எனக்குக் கதைக்க வாய் வந்தது. தொண்டு அமைப்புக்காரர் அண்ணையின் பெயரைப் போடாமல், என் நிலைமையைத் தானே எழுதிக் கவுன்சிலுக்கு அனுப்பினார். அதை ஏற்றுக்கொண்டார்கள்.

பிறகு வீட்டுக்காரர் பார்வையிட வருகிறார் என்று கேள்விப்பட்டதும் நானாகவே வெளிக்கிட்டுவிட்டேன். சில இரவுகள் வெளியே போயின. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. அந்த நாட்களில் குளிரைவிட என்னைப் பதற வைத்தது போனின் பற்றரி. கவுன்சில் அலுவலர் இலக்கம் காட்டாமல் அழைப்பார், திருப்பி எடுக்க முடியாது. யூனிவேர்சல் கிரெடிட்டைப் பார்க்கும் ஜொப் சென்டர் கேட்பதெல்லாம் இணையக் கணக்கில் செய்தியாக வரும், பதில் போடாவிட்டால் காசு நிற்கும். அதனால் பொது நூலகம் திறக்கும்போதே வாசலில் நிற்பேன். சுவரோரம் பிளக் இருக்கும் மேசை ஒன்றுதான். அதற்குப் போட்டி போட்டவர்கள் எல்லோரும் என்னைப் போன்றவர்கள் என்று விளங்கச் சில நாட்கள் எடுத்தது. ஒருவர் எழும்பும்போது அடுத்தவனுக்குக் கண்ணைக் காட்டுவார்.

அங்கே அறிமுகமான எரித்திரியாக்காரன் ஒருவன்தான் குளிர்கால இரவுத் தங்குமிடத்தைக் காட்டினான். திங்கள் ஒரு தேவாலய மண்டபம், செவ்வாய் இன்னொன்று என்று ஏழு நாளும் ஏழு இடம். பின்னேரம் போனால் சூடான சாப்பாடும் மடக்குக் கட்டிலும், காலையில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வெளியே. சாப்பாட்டு மேசையில் தொண்டர்களோடு கதைத்துக் கதைத்துத்தான் என் ஆங்கிலம் திருந்தியது. கல்லூரி ஆங்கில வகுப்பில் இடம் கிடைத்தது அதற்கு வெகுகாலம் கழித்து.

கடைசியில் அறை வந்தது கவுன்சிலின் பிணைத் திட்டத்தால். முற்பணத்துக்குப் பதிலாக, சேதம் வந்தால் தாங்கள் பொறுப்பு என்று வீட்டுக்காரருக்கு எழுதிக்கொடுக்கிறார்கள். பிணையாளி வேண்டும் என்ற பேச்சும் அதோடு நின்றது. 35 வயதுக்குக் குறைந்த தனியாளுக்கு, பகிர்ந்த வீட்டில் ஓர் அறைக்கான அளவுதான் வாடகை உதவி, அதற்குள் வரும் அறையாகப் பார்க்க வேண்டியிருந்தது. வாடகைக்கு இருக்கும் உரிமையை வீட்டுக்காரர் இணையத்தில் சரிபார்க்க ஒரு குறியீட்டு எண் எடுத்துக் கொடுத்தேன். இப்போது விசா அட்டையே இல்லை, எல்லாமே ஈவிசா, அதாவது இணையக் கணக்கில் இருக்கும் விசா. அதனால் பழைய மின்னஞ்சலையும் போன் இலக்கத்தையும் தொலைத்துவிடாதீர்கள், உள்ளே நுழைவதே கஷ்டமாகிவிடும்.

நான் வெளியே வந்த பிறகு, 2024 டிசம்பரில், அவகாசத்தை 56 நாளாக்கிப் பரீட்சித்துப் பார்த்தார்கள். 2025 செப்டெம்பரிலிருந்து தனியாட்களில் பெரும்பாலானவர்களுக்கு மறுபடி 28. புதிதாக விசா கிடைத்த பெடியள் இப்போதும் அழைக்கிறார்கள். சனிக்கிழமை வேலை இல்லாததால் அன்று கதைப்பேன். கடிதம் வந்த அன்றே யூனிவேர்சல் கிரெடிட் போடு, வங்கிக் கணக்கைத் திற, வெளியேறும் கடிதத்தோடு கவுன்சிலுக்குப் போ என்பேன். வருத்தம், நித்திரையின்மை, சிறையில் பட்ட அடி என்று ஏதாவது இருந்தால் வெட்கப்படாமல் சொல்லி டொக்டரிடம் கடிதம் வாங்கு என்பேன், முன்னுரிமைத் தேவையைத் தீர்மானிக்கும்போது அதையும் பார்ப்பார்கள். டொக்டரிடம் பதிய முகவரி அத்தாட்சி கட்டாயம் இல்லை. மொழிபெயர்க்கச் சொந்தக்காரரைக் கூட்டிப் போகாதே என்றும் சொல்வேன், அவர்களுக்கு முன்னால் பாதி உண்மை வாயில் வராது. போகிற வழியில் அந்த ஒற்றை வரித் தாளையும் அச்செடுத்துக்கொள்ளச் சொல்வேன். கோப்பு என் போனில் இருக்கிறது, பெயரை மட்டும் மாற்றினால் போதும்.