63 ரூபாயும் இரண்டு தம்ளர் மோரும்

சொத்து வரி கட்ட இன்று பேரூராட்சி அலுவலகம் போயிருந்தேன். ஏப்ரல் 30க்குள் முதல் அரையாண்டு வரியைக் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். எனக்குக் கிடைத்தது 63 ரூபாய்! இணையத்திலேயே கட்டலாம்தான். ஆனால் அப்பாவுக்கு ரசீதில் சீல் விழுந்தால்தான் வரி கட்டின மாதிரி.

வாசலில் நீர்மோர்ப் பந்தல். ஈரத்துணி சுற்றிய மண்பானை, மேலே மிதக்கும் கொத்தமல்லி, கடித்தால் சுள்ளென்று இஞ்சி. “வெயில்ல வந்திருக்கீங்க, இன்னொண்ணு குடிங்க தம்பி” என்றார் பந்தலில் இருந்த அக்கா. பக்கத்துப் பலகையில் பிள்ளைகளுக்குக் கோடைச் சிலம்பப் பயிற்சி என்று எழுதியிருந்தது. மகளைச் சேர்க்க வேண்டும்.

எங்கள் தெருக் குழாயில் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வருகிறது. அதைப் பற்றிக் கேட்டு அலுவலகத்தில் சண்டை போடத்தான் உண்மையில் போனேன். இரண்டாவது தம்ளர் உள்ளே போனதும், சரி, நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று வண்டியை எடுத்துவிட்டேன்.