சொல்ல வேண்டாம் என்று சொன்னது

“சொல்ல வேண்டாம் ஐயா, கர்த்தருக்குத் தெரியும்.”

வீடு வீடாகப் போய்ப் புற்றுநோயாளிகளின் வலியைக் கவனிக்கும் நர்சு நான். கிராமத்துச் சபைகளில் ஊழியம் செய்த உபதேசியார் ஒருவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான். வண்டியில் போகும்போது, துணி மடிக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நடுவில்கூட இதை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொல்லிப் பார்க்கும்போதெல்லாம் சரியாகத்தான் படுகிறது. சரி என்று பட்ட பிறகும் மனசு அதை விடமாட்டேன் என்கிறது.

அவர் சொன்னது: “ஸ்தோத்திரம் சொல்ல வரமாட்டேங்குதும்மா.”

கன்னத்தில் புற்று. வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறக்கும். கஞ்சி, மாத்திரை எல்லாம் மூக்குக் குழாய் வழியாக. அவர் பேசுவது வெளியாட்களுக்குப் புரியாது. அவர் மனைவிக்கும் எனக்கும் பழகியிருந்தது. அந்த நேரத்தில் நான் புண்ணைக் கழுவி, நாற்றம் குறைய மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிக்கொண்டிருந்தேன். கட்டு மாற்றும்போதுதான் நோயாளிகள் மனசில் இருப்பதைப் பேசுவார்கள். நம் கண் புண்ணில் இருக்கும், அவர்கள் முகத்தில் இருக்காது. அதனால் பேச முடிகிறது என்று நினைக்கிறேன்.

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பதில் மட்டும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் மனைவி, அந்த அம்மா, அடுக்களையிலிருந்து வெந்நீர் கொண்டுவந்தார்கள், பேச்சு மலச்சிக்கலுக்குப் போய்விட்டது. வலிக்கு மார்பின் எடுப்பவர்களுக்கு அது பெரும்பாலும் வரும், அதைக் கேட்காமல் நாங்கள் எந்த வீட்டிலிருந்தும் கிளம்ப மாட்டோம். அடுத்த முறை நாங்கள் போவதற்குள் அவர் போய்விட்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், அதற்குக் காரணம் இருந்தது.

அந்த வீட்டுக்கு ஜெபம்பண்ண வந்தவர்கள் ஏராளம். சபைப் போதகரான சேகரத்து ஐயர் வருவார், பக்கத்தில் உட்காருவார், ஒரு சங்கீதம் வாசித்து மெதுவாக ஜெபித்துவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேறு சிலர் வந்தார்கள். “துதிங்க உபதேசியாரே, துதிக்கத் துதிக்கக் கட்டி கரையும்” என்றார்கள். கையைத் தூக்கச் சொன்னார்கள். ஒருவர், அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கச் சொன்னாராம். வாழ்நாள் முழுக்கக் கிராமத்து ஜெபவீடுகளில், குற்றமில்லாமலே துன்பப்பட்ட யோபுவின் கதையைச் சொல்லிக்கொடுத்த மனிதரிடம், உன் பாவம்தான் காரணம் என்ற யோபுவின் சிநேகிதர்கள் பேசியதையே வந்து பேசினார்கள். அந்தச் சிநேகிதர்களாவது முதலில் ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

அவர்கள் வந்துபோன பிறகு அவர் மார்பின் மாத்திரையைத் தள்ளிப்போட ஆரம்பித்தார். எங்கள் கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான்: காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. நடுராத்திரி எழுப்ப வேண்டாம் என்பதற்காக இரவு 10 மணிக்கு மட்டும் இரட்டிப்பு அளவு. அவர் அந்த இரட்டிப்பைப் பாதியாக்கிவிட்டார். 6 மணி மாத்திரையை 8 மணிக்குத் தள்ளினார். காரணம் கேட்டால் அதிகாலை ஜெபம். மருந்து மயக்கத்தில் கர்த்தரிடம் பேசக்கூடாதாம், தெளிவாக எழும்ப வேண்டுமாம். தெளிவாக எழும்பினார், வலியும் கூடவே எழும்பியது. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு ஐயா என்று கேட்டால் எட்டு விரல் காட்டுவார். எட்டில் இருக்கிற மனிதரால் ஜெபிக்க முடியாது, ஒரு வசனத்தை முழுதாக நினைக்கக்கூட முடியாது. ஸ்தோத்திரம் வரவில்லை என்றால் எங்கிருந்து வரும்?

வலி வந்த பிறகு மருந்தைத் தேடி ஓடாமல், வருவதற்கு முன்பே மணிக்கணக்குப்படி கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் சிசிலி சாண்டர்ஸ். முதலில் நர்சு, அப்புறம் சமூகப் பணியாளர், அதற்கும் அப்புறம் படித்து டாக்டரானவர். 1967-இல் லண்டனில் தீராத நோயாளிகளுக்கென்று செயின்ட் கிறிஸ்டோபர் காப்பகத்தைத் தொடங்கினார். ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. சாகும் நிலையில் இருப்பவரின் வலியில் உடம்பு, மனசு, குடும்பம், ஆவி நாலும் கலந்திருக்கிறது, பிரித்துப் பார்க்காதீர்கள் என்று சொன்னார். எங்கள் பயிற்சியில் முதல் நாளே இது வந்துவிடும். நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு மார்பின் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. 2014-இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் வழி கொஞ்சம் லேசானது. அத்தனை பேர் போராடி வீடுவரை வந்து சேர்ந்த மாத்திரை அவர் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. அதை நேரத்துக்கு எடுக்காமல் ஒரு மனிதர் துதிக்க முயன்று முயன்று தோற்றுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வேறென்ன சொல்லத் தோன்றும்? முதலில் அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள் என்பதைத்தான் என் வார்த்தையில் சொன்னேன்.

வேதத்திலும் எனக்கு இடம் இருக்கிறது. 88-ஆம் சங்கீதத்தில் துதி என்று கடைசியில் ஒன்றுமே வருவதில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு, அறிமுகமானவர்கள் எல்லாரும் மறைந்துபோனார்கள் என்று முடிந்துவிடுகிறது. அதையும் எடுத்து வேதத்துக்குள்ளே வைத்திருக்கிறார்கள். ரோமர் 8:26 “வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு” ஆவியானவரே நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்கிறது. திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து கூரையைப் பிரித்து இறக்கினபோது இயேசு “அவர்கள் விசுவாசத்தை” கண்டார் என்று மாற்கு எழுதுகிறார். படுக்கையில் கிடந்தவன் வாயிலிருந்து அதுவரை ஒரு வார்த்தை வந்ததாகத் தெரியவில்லை. நாங்கள் சுமக்கிறோம், நீங்கள் படுத்திருங்கள் என்று ஒரு விசுவாசிக்கு இன்னொரு விசுவாசி சொல்லலாம். சொல்ல வேண்டும் என்றுகூட நினைக்கிறேன்.

இவ்வளவும் எழுதிவிட்டேன். ஆனால் அவர் கண்ணை மூடியது இருக்கிறதே, அது இதற்கெல்லாம் அடங்கவில்லை.

எபிரெயர் 13:15 “உதடுகளின் கனியாகிய ஸ்தோத்திரபலி” என்கிறது. பலி என்றால் கையில் மிச்சமிருப்பதைப் போட்டுவிட்டு வருவது கிடையாது, கொடுக்கிறவருக்கு வலிக்கும். அவருக்கு உதடு என்று சொல்லும்படி ஒரு பக்கம்தான் மீதி இருந்தது. அந்தப் பாதி உதட்டால் அவர் கொடுக்க வந்ததை, ஆட்டுக்குட்டியோடு ஆலய வாசலுக்கு வந்தவரை வீட்டுக்குப் போகச் சொல்வது போல நான் திருப்பிவிட்டேனா? “சொல்ல வரமாட்டேங்குது” என்றவர் சொல்லாமலிருக்க அனுமதி கேட்டாரா, சொல்வதற்கு உதவி கேட்டாரா? நான் முதலாவதைக் கேட்டேன். இரண்டாவதாக இருந்திருந்தால், அங்கே சொல்லவேண்டியிருந்தது ஒரு ஸ்தோத்திரம். ஒரு நொடி வேலை. அவர் பக்கத்தில் நின்று, “ஸ்தோத்திரம் ஆண்டவரே” என்று நான் சொல்லியிருந்தால் போதும், அவர் மனசால் பிடித்துக்கொண்டிருப்பார்.

மூன்றாவதாக ஒன்றும் இருக்கலாம். வாய் திறக்கவில்லை, நாக்கு புரளவில்லை என்று உடம்பு சமாச்சாரத்தைத்தான் நர்சிடம் சொன்னாரோ என்னவோ. ராகம் போட்டுக் கீர்த்தனை பாடிய வாய். அது போய்விட்ட துக்கத்தை ஒருவரிடம் சொன்னார் என்றால், நான் சொன்ன பதில் அந்தத் துக்கத்தைத் தொடவே இல்லை.

2021 மே மாதம் அப்பாவைக் கொடுத்தேன். கொரோனா இரண்டாம் அலை. முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க விடவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நான் சொன்னது ஸ்தோத்திரம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன், சந்தோஷம் என்று ஒரு பொட்டுக்கூட இல்லை. அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் என்று ஆபகூக் தீர்க்கதரிசி அடுக்கிக்கொண்டே போவாரே, திராட்சை இல்லை, ஒலிவம் இல்லை, வயலில் தானியம் இல்லை, தொழுவத்தில் மாடு இல்லை என்று, அந்தப் பட்டியலை வாய்விட்டுப் படித்தேன். அது என்னைத் தாங்கியது. இது நிஜம், யார் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு யாராவது பரிவோடு வந்து “சொல்ல வேண்டாம்மா, கர்த்தருக்குத் தெரியும்” என்று சொல்லியிருந்தால் எனக்குப் பிடித்துக்கொள்ள என்ன இருந்திருக்கும்?

ஆனால் எனக்கு அன்றைக்கு உடம்பு வலி இல்லை. தூங்க முடிந்தது, சாப்பிட முடிந்தது. டோனாவூரில் மிஷனரியாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் விழுந்து அடிபட்டு, 1951-இல் சாகும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே கிடந்தார். அங்கிருந்து நோயாளிகளுக்கென்றே எழுதினார், நோயாளி நோயாளிக்கு எழுதுவதாக. அவர் சொன்னால் கேட்கலாம். குழாய் வைத்துப் படுத்திருப்பவரிடம் இரண்டு காலில் நிற்கிற நான், துதியுங்கள் என்றாலும் வேண்டாம் என்றாலும், எந்த உரிமையில் சொல்கிறேன் என்பது எனக்கு விளங்கவில்லை. வந்துபோனவர்கள் துதிக்கச் சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன். ஒரு வகையில் இரண்டு பேரும் அவருடைய ஜெபத்துக்குள் கையை விட்டோம். இப்படி யோசிக்கும்போது, இல்லை, அவர்கள் போட்ட பாரத்தை நான் எடுத்தேன், இரண்டும் ஒன்றாகாது என்று உடனே இன்னொரு பக்கம் பேசுகிறது. அதுவும் உண்மைதான்.

அடக்க ஆராதனைக்கு நான் போக முடியவில்லை. பிறகு துக்கம் விசாரிக்கப் போனபோது அம்மா கேட்டார்கள்.

“கடைசி வரைக்கும் துதிச்சுட்டே போனாங்கன்னு எல்லாரும் சொல்லுதாங்க. நீங்க என்ன நினைக்கியீங்க சிஸ்டர்?”

“அவங்க கர்த்தர விடலம்மா. அது எனக்குத் தெரியும்” என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “கடைசி ராத்திரி பூரா முனங்கிட்டே இருந்தாங்க. வலியில முனங்குதாங்களா ஸ்தோத்திரம் சொல்லுதாங்களான்னு எனக்குப் புரியல. என்னன்னு கேக்கவும் இல்ல. கையப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்” என்றார்கள்.

இரவு 10 மணி மாத்திரை கொடுத்தீர்களா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கொடுத்திருந்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்த அம்மா இனி அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்.

வாக்குக்கடங்காத பெருமூச்சு என்று பவுல் எழுதியதை அதற்குப் பிறகு எப்போது வாசித்தாலும் எனக்கு அந்த வீட்டுக் கட்டில்தான் வருகிறது. ஆவியானவர் அந்த முனகலைப் பிதாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்று முழு மனசோடு நம்புகிறேன். அந்த நம்பிக்கை இல்லாமல் இந்த வேலையில் ஒரு மாதம்கூட என்னால் இருக்க முடியாது. என் கேள்வி கர்த்தரைப் பற்றியது அல்ல. அவர் தம் பங்கைச் செய்வார். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நிற்கிற நான் என்ன பேச வேண்டும் என்பதுதான் கேள்வி.

போன மாதம் புதிதாக ஒரு பெண் எங்கள் குழுவில் சேர்ந்தாள். படித்து முடித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, நல்ல பிள்ளை. வண்டியில் வரும்போது கேட்டாள்: “ஜெபிக்க முடியலன்னு பேஷன்ட் சொன்னா நாம என்னக்கா சொல்றது?”

“முதல்ல வலி எவ்வளவுன்னு கேளு. மருந்தை நேரத்துக்கு எடுக்காங்களான்னு பாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் நீ அவங்களோட சேர்ந்து ஒரு ஸ்தோத்திரம் சொல்லு. அவங்க வாய் அசையாட்டாலும் பரவாயில்ல.”

சொல்லிவிட்டு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. உபதேசியாரிடம் சொன்னது சரி என்று இன்னும் நம்புகிறவள் இவளுக்கு அதற்கு எதிரானதைச் சொல்லிக்கொடுக்கிறேன். சொன்னதைத் திரும்ப வாங்கவும் மனசு வரவில்லை.

அன்றைக்கு மூன்றாவது வீட்டில் கர்ப்பப்பைப் புற்றோடு ஒரு அம்மா. எங்கள் சபையைச் சேர்ந்தவர்களே. ஜெபமே வரவில்லை என்று அவராகவே சொன்னார். இவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முதலில் வலியைக் கேட்டாள், நாலு என்றார்கள், மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தாள், எல்லாம் சரியாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, “நான் ஒரு ஸ்தோத்திரம் சொல்லட்டுமாம்மா?” என்று கேட்டாள்.

“இப்ப வேண்டாம் தாயி. நாளைக்கு வந்து சொல்லு” என்றார் அந்த அம்மா.

மறுநாள் எங்களுக்கு அந்தப் பக்கம் வேலை இல்லை. மாலை டியூட்டி முடிந்ததும் இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம்.