முன்னால் ஆளுநர், பின்னால் மன்னர்

பிள்ளைகளுக்கான வரலாற்றுப் புத்தகம், இரு மொழி எழுத்துகள் பற்றிய ஒரு பக்கம், அதில் ஒரு படத்துக்குக் குறிப்பு நாற்பது சொல். ஒரு சொல் கூடினாலும் படக்குறிப்பு பெட்டியை விட்டு வழியும். அன்றைக்கு என்னோடு வேலைபார்த்த புதுப் பெண்ணிடம் இதைத்தான் சொன்னேன். இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்வது இதைத்தான்.

படத்தில் இருந்தது ஹதத்-யித்இ. 1979-இல் சிரியாவின் டெல் ஃபெகெரியாவில் ஒரு விவசாயிக்குக் கிடைத்து, டமாஸ்கஸ் அருங்காட்சியகத்துக்குப் போன சிலை. பெரும்பாலோர் கணிப்பில் பொ.ஆ.மு. 9ஆம் நூற்றாண்டு. பசால்ட் கல், ஆள் உயரம், கைகோத்து நிற்கும் நிலை. தாடியும் உடையும், இன்றைய வட ஈராக்கை மையமாகக் கொண்டிருந்த அசீரியப் பேரரசின் பாணி. உடையின் முன்பக்கம் ஆப்பு வடிவக் கீறல்களாலான ஆப்பெழுத்தில் 38 வரி அசீரியம், பின்பக்கம் அந்த வட்டாரத்து மொழியான அரமேயத்தில் 23 வரி. ஏறக்குறைய ஒரே செய்திதான். ஆனால் முன்னால் அவர் அந்த வட்டாரத்து நகரமான குசானாவின் ஆளுநர். பின்னால் அதே ஆள் அதே குசானாவின் மன்னர்.

நான் ‘ஆளுநர்’ என்று மட்டும் எழுதினேன்.

“அக்கா, பின்பக்கம் மன்னர்னுதானே இருக்கு? அதை எடுத்துட்டா இந்தச் சிலையை ஏன் இந்தப் பக்கத்துல போடணும்?” என்றாள், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத பெண்.

“இடம் இல்லைம்மா.”

“அப்போ குறுநில மன்னர்னு போடலாமா?”

“அது ரெண்டுங்கெட்டான். ரெண்டு பக்கமும் அப்படி இல்லையே.”

சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். எதிர்த்துப் பேசியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

என் பக்கமும் நியாயம் இருந்தது. அந்த வட்டாரத்தில் அசீரியாவின் கை ஓங்கியிருந்த காலம் அது. அசீரிய அரசின் கணக்கில் அவர் ஆளுநர்தான். பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரே ஆளை இரண்டு பதவியில் காட்டினால் குழப்பம். இதை எந்தக் கூட்டத்திலும் எழுந்து நின்று சொல்வேன். ஆனால் ஆளுநர் என்றதும் நம் ஊர்ப் பிள்ளைக்கு என்ன தோன்றும்? எங்கிருந்தோ நியமித்து அனுப்பப்பட்டவர். இவரோ அப்பாவும் வகித்த அதே பதவியில் இருந்தவர். பெயரிலேயே உள்ளூர்க் கடவுளான ஹதத். புத்தகம் அச்சுக்குப் போன பிறகுதான் இது உறைத்தது.

அசீரியர்களுக்குத் தெரியாமல் முதுகுப் பக்கம் மன்னர் என்று வெட்டிக்கொண்டாரா? அப்படி நினைத்தால் கதை ருசிக்கும். எனக்கு நம்பிக்கை இல்லை. கோயிலில் நின்ற சிலை; யாரும் சுற்றி வந்து பார்த்திருக்கலாம். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடிந்த ஊர் அது என்றுதான் தோன்றுகிறது. நாற்பது சொல்லில் சொல்ல வேண்டியிருந்ததும் அதைத்தானோ என்னவோ.

புத்தகத்தின் அதே பக்கத்தில், அசீரியத் தலைநகராக இருந்த நிம்ருதில் கிடைத்த வெண்கலச் சிங்க எடைக்கற்களும் இருந்தன. ஆப்பெழுத்து, அரமேயம் இரண்டும் பொறித்தவை. அங்கே ‘இரண்டு மொழியிலும்’ என்று தயங்காமல் எழுதியிருக்கிறேன். அசீரிய அரண்மனைப் புடைப்புச் சிற்பத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்று, ஒருவர் பலகையிலும் மற்றவர் தோல் சுருளிலும் கணக்கெழுதும் எழுத்தர்களுக்கும் இடம் கொடுத்தேன். இரண்டு மொழியும் ஒத்துப்போன இடத்தில் எல்லாம் எனக்குச் சொல் கிடைத்தது.

சிலையில் சாப வரிகளும் உண்டு. தன் பெயரை அழித்து வேறு பெயர் போடுபவனுக்கு ஹதத் எதிரியாகட்டும். நூறு பெண்கள் ஓர் அடுப்பில் ரொட்டி சுட்டாலும் அது நிறையாமல் போகட்டும். அரமேயத்தில் அந்த அடுப்புக்குச் சொல் ‘தன்னூர்’, நம் ஓட்டல் தந்தூரியின் சொந்தக்காரச் சொல். முதலில் படித்தபோது சிரித்தேன். நான் பெயரை அழிக்கவில்லை, பட்டத்தைத்தான் விட்டேன் என்று ஒருநாள் எனக்குள் வாதாடிக்கொண்டிருந்ததைக் கவனித்தபோது சிரிப்பு வரவில்லை.

பிறகு ஒருநாள் அந்தக் குறிப்பை எடுத்து எண்ணிப் பார்த்தேன். ‘கைகளைக் கோத்தபடி நிற்கும்’ என்று மூன்று சொல். படத்திலேயே தெரிகிறதே, அதை எதற்கு எழுதினேன்? மூன்றையும் எடுத்திருந்தால் ‘அரமேயத்தில் மன்னர்’ உட்கார்ந்து, இன்னொரு சொல்லுக்கும் இடம் மிஞ்சியிருக்கும்.

அவள் இப்போது வேறு நிறுவனத்தில். போன மாதம் மறுபதிப்புக்குத் திருத்தம் கேட்டு மின்னஞ்சல் வந்தது. ஓவியரின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை, ஒரு வரைபடத்தில் நிறம், இரண்டையும் குறித்து அனுப்பினேன். சிலைப் பக்கத்தைத் திறந்தேன். பெட்டியைக் கொஞ்சம் பெரிதாக்கலாமா என்று கேட்டு ஒரு வரி தட்டினேன். அதை அனுப்பவில்லை.