பிடிக்கலாம்

"பிடிக்கலாம்" என்றுதான் சொன்னேன். "பிடிக்கும்" என்று சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை இவ்வளவு காலமாக மனதுக்குள் கழற்றிக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருக்கிறேன்.

2022 ஓகஸ்ட். எரிபொருளைக் கியூ.ஆர். முறையில் பங்கிட்டுக் கொடுத்த காலம். காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், 92 பெற்றோல் 450 ரூபா. ஹயர் ஓடுகிற அண்ணை ஒருவர் தன்ரை அக்சியோக் காரை என் கராஜுக்குக் கொண்டுவந்தார். பின் சீற்றில் ஒரு பெட்டி. ரொறன்ரோவில் இருக்கிற மைத்துனன், ஊருக்கு வந்த யாரிடமோ கொடுத்துவிட்டது. உள்ளே சிவப்புத் துணிக் கூம்பாக ஒரு எயர் பில்டர், பளபளவென்று ஒரு அலுமினியக் குழாய், நாலு கிளிப். பவரும் கூடும், எண்ணெயும், அதாவது பெற்றோலும், மிச்சம் என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தார்கள்.

"தம்பி, இதைப் பூட்டினால் எண்ணெய் மிச்சம் பிடிக்குமோ?"

"பிடிக்கலாம் அண்ணை."

அவ்வளவுதான் கதை. அன்றைக்குக் கராஜில் வேலை நெருக்கடி, யோசித்துப் பதில் சொல்ல நேரமில்லை என்று இந்த இடத்தில் முதலில் எழுதினேன். பிறகு வெட்டிவிட்டேன். அது பொய். அந்தக் கிழமை முழுவதும் வந்தது மூன்று வாகனம். எல்லாரும் வாகனத்தை வீட்டில் நிறுத்திவிட்டுச் சைக்கிள் மிதித்த காலம். பூட்டுகூலி 4,000 ரூபா எனக்குத் தேவையாக இருந்தது. தேவையாக இருந்தது என்பதற்காகத்தான் அப்படிச் சொன்னேனா என்று கேட்டால், ஓம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, இல்லை என்று சொல்லவும் வரவில்லை.

எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்த விசயம்தான்.

எஞ்சினுக்குள் எவ்வளவு காற்றுப் போகலாம் என்பதைத் தீர்மானிப்பது எயர் பில்டர் அல்ல, காலால் அமத்தத் திறக்கிற துரொட்டில். பில்டர் தெருப் படலை மாதிரி, துரொட்டில் வீட்டு வாசற்கதவு மாதிரி. வாசற்கதவைப் பாதி சாத்தி வைத்துக்கொண்டு படலையை மட்டும் அகலமாக்கினால் உள்ளே வருகிற சனம் கூடப்போவதில்லை. கதவை முழுதாகத் திறந்து விட்டால், அதாவது காலை அடிமட்டத்துக்கு அமத்தினால், படலையின் அகலம் அப்போது கணக்குக்கு வரும். கொஞ்சம் பவர் கிடைக்கக்கூடும். ஆனால் எங்கள் காங்கேசன்துறை வீதியில், முன்னுக்கு ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு யந்திரமும் பக்கத்தில் ரியூசனுக்குப் போகிற பிள்ளைகளின் சைக்கிள்களும் போகும்போது, யார் காலை அடிமட்டத்துக்கு அமத்துவது? அப்படியே கூடுதல் காற்றுப் போனாலும், 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெற்றோல் என்று எடைக்கணக்குப் பார்த்து கொம்பியூட்டர் பெற்றோலையும் கூட்டி அடிக்கும். புகைக்குழாயில் இருக்கிற ஒட்சிசன் சென்சர் அதைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டே இருக்கும். காற்றை மட்டும் இலவசமாகக் கூட்டிக்கொள்ள வழியில்லை.

இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். சொல்லவில்லை.

சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருப்பாரா என்பது அடுத்த கேள்வி. என்னை நானே காப்பாற்றிக்கொள்ளும்போது பெரும்பாலும் இதைத்தான் பிடித்துக்கொள்கிறேன். ஏனென்றால் அவர் வெறுங்கையோடு வந்த மனிசன் இல்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் ஒஸ்ரின் ஏ-40 கார் ஓடியவர். சின்னப் போத்தலில் பொன்போலப் பொத்தி வைத்திருக்கிற பெற்றோலை, காற்றையும் எண்ணெயையும் கலக்கிற காபரேற்றருக்குள் பீச்சி ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடிய தலைமுறை. எனக்குத் தொழில் பழக்கிய மாமாவும் அதே ஆட்கள்தான். அந்தக் கார்களில் பில்டர் அடைபட்டால் காபரேற்றரின் தொண்டைக்குள் இழுவை கூடும், எண்ணெய் அளவுக்கு மிஞ்சி உறிஞ்சப்படும், கரும்புகை தள்ளும். பில்டரைக் கழற்றித் தட்டிப் பூட்டினால் எண்ணெய் மிச்சம். கண்ணால் கண்ட உண்மை அது. "காத்தைத் திறந்துவிட்டால் எண்ணெய் குறையும் தம்பி" என்று அன்றைக்கு அவர் சொன்னது பெட்டியை வாசித்துச் சொன்னது இல்லை. மண்ணெண்ணெய்ப் புகைக்குள் நின்று படித்தது. அப்படிப்பட்டவரிடம் போய், உங்கள் அனுபவம் காபரேற்றரோடு முடிந்துபோச்சு என்று எந்த வாயால் சொல்வது?

சொல்லியிருக்கலாம். மரியாதையாகச் சொல்லவும் வழி இருந்தது. மரியாதையைச் சாட்டாக வைத்து 4,000 ரூபாவை வாங்கிக்கொண்டேன் என்றும் இதைப் பார்க்கலாம்.

சரி, பூட்டினேன். பூட்டும்போது ஒரு குறுகுறுப்பு இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் கேட்காத வேலையை ஏன் செய்தேன்? ரயர் நாலிலும் காற்றுப் பார்த்தேன். 33 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய இடத்தில் 24, 25. நிரப்பினேன். முன் இடது சில்லைச் சுற்றிப் பார்த்தால் இறுக்கம். பிறேக் கலிப்பரின் 'பின்' என்கிற ஊசி துருப்பிடித்து, பிறேக் பாட் விடாமல் உரசிக்கொண்டிருந்தது. கழற்றி, உரஞ்சி, கிறீஸ் போட்டு விட்டேன். பில்லில் இதையெல்லாம் எழுதவில்லை. எழுதியது ஒரே வரி: எயர் பில்டர் பூட்டுகூலி. அந்தப் பில்லுக்கும் நான் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறேன். இரண்டு வரி கூட எழுதியிருந்தால் பின்னால் நடந்தது ஒன்றும் நடந்திருக்காது.

ஒரு மாதம் கழித்து வந்தார். முகம் மலர்ந்திருந்தது. கையில் ஒரு பிஸ்கட் பைக்கற்.

"தம்பி, முந்தி லீற்றருக்கு 12. இப்ப பதின்மூண்டரை ஓடுது."

அவர் கணக்கில் பிழைவிடுகிற ஆள் இல்லை. கொப்பியில் தேதி வாரியாக எழுதி வைத்திருந்தார். 20 லீற்றருக்கு 240 கிலோமீற்றர் ஓடியது இப்போது 270. கூடக் கிடைத்த 30 கிலோமீற்றரில் கிழமைக்கு ஒரு ஹயர், தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு ஒரு நோயாளியைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர முடிகிறது என்றார். "எல்லாம் உந்தக் குழாயாலை."

குழாயால் இல்லை அண்ணை, உரசின பிறேக்கை நான் எடுத்துவிட்டேன், காற்றில்லாத ரயருக்குக் காற்று நிரப்பினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். எடுத்தது உண்மை. அதற்குள் அவர் பிஸ்கட் பைக்கற்றை மேசையில் வைத்தார். நான் தேத்தண்ணி போடச் சொன்னேன்.

அந்தத் தேத்தண்ணி நேரத்தில் ஒன்று கேட்டேன்: "சத்தம் எப்பிடி அண்ணை?" அவர் சிரித்தார். "கால் வைச்சால் சிங்கம் மாதிரி உறுமுது. வெக்கமாக் கிடக்கு. அதாலை மெள்ளத்தான் அமத்துறன்." மூல பில்டர்ப் பெட்டி ஒருபுறம் தூசி தடுக்கவும் மறுபுறம் சத்தத்தை அடக்கவும் செய்தது. அதைக் கழற்றிவிட்டு வெறும் கூம்பைப் போட்டால் எஞ்சின் மூச்சு இழுக்கிற சத்தம் அப்படியே காதுக்கு வரும். அறுபது வயது மனிசன் வெட்கத்தில் காலை இலேசாக்கி ஓடினால் எண்ணெய் மிச்சம் வராமல் என்ன செய்யும்? அந்த வகையில் குழாயும் மிச்சம் பிடித்ததுதான் என்று ஒருவர் வாதாடலாம். நானே சில இரவுகளில் அப்படி வாதாடியிருக்கிறேன்.

காரின் கொம்பியூட்டரை வாசிக்கிற ஸ்கானரைச் செருகிப் பார்த்தேன். அதில் ஒரு விசயம் அகப்பட்டது. காற்றளக்கிற சென்சர் மூலப் பெட்டியில் இருந்ததைக் கழற்றிப் புதுக் குழாயில் நான்தான் பூட்டியிருந்தேன். குழாய் பழைய வாயைவிடக் கொஞ்சம் அகலம். அகலமான குழாயில் காற்று மெதுவாகப் போகும், சென்சர் உள்ளதைவிடக் குறைவாகக் கணக்குக் கொடுக்கும், பெற்றோல் போதாமல்போகும், ஒட்சிசன் சென்சர் கண்டுபிடிக்கும், கொம்பியூட்டர் கூட்டி அடிக்கும். திரையில் பெற்றோல் அளவுக்கான நீண்டகாலத் திருத்தம் கூட்டல் 9 வீதம் என்று நின்றது. அந்தப் பிழையை எஞ்சின் நாள் முழுக்கத் தானே திருத்திக்கொண்டு ஓடியது. இலாபமும் இல்லை நட்டமும் இல்லை. அவரிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் கூட்டல் 9 என்பதைப் பார்த்து "9 வீதம் மிச்சமோ" என்று கேட்டிருப்பார் என்ற பயம் எனக்கு உண்மையாகவே இருந்தது.

பிறகு தேடி வாசித்தேன். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடம் 2009இல் இதைச் சோதித்திருக்கிறது. கொம்பியூட்டர் பார்த்துப் பெற்றோல் அடிக்கிற இன்ஜெக்சன் கார்களில் பில்டரை வேண்டுமென்றே அடைத்துப் பார்த்தும் எண்ணெய்ச் செலவு கூடவில்லை. வேகம் எடுக்கிற திறன்தான் குறைந்தது. பழைய காபரேற்றர் காரில் மட்டும் பில்டரை மாற்றினால் 2 முதல் 6 வீதம் வரை மிச்சம் தெரியலாம். வாசித்தவுடன் முதலில் நினைவுக்கு வந்தது ஏ-40. அந்த மனிசன் சொன்னது சரி, அவர் ஏறியிருந்த கார்தான் பிழை. அடைபட்ட பில்டரே எண்ணெயைக் கூட்டவில்லை என்றால், திறந்த பில்டர் எப்படிக் குறைக்கும்?

இதோடு முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி. நான் பிழை, பெட்டி பொய் என்று எழுதி மூடியிருக்கலாம். ஆனால் அதே ஸ்கானர்த் திரையில் இன்னொரு இலக்கமும் இருந்தது. உள்ளே போகிற காற்றின் வெப்பம். மூலப் பெட்டி கிறில்லுக்குப் பக்கத்தில் இருந்து வெளிக்காற்றை எடுக்கும். இந்தக் கூம்போ பொனற்றுக்குள்ளே நின்று, றேடியேற்றரைக் கடந்து வருகிற வெக்கையை இழுக்கிறது. 58 பாகை காட்டியது. சூடான காற்று ஐதானது; பவர் குறையும். விற்கிறவர்கள் குளிர்காற்று என்று சொல்லி விற்பது எங்கள் வெயிலில் இப்படித்தான் போய் முடிகிறது. ஆனால் ஐதான காற்றுக்கு அதே வேகத்தில் ஓட வாசற்கதவைக் கொஞ்சம் கூடத் திறக்க வேண்டும். கதவு திறந்தால் எஞ்சின் மூச்சிழுக்கப் படுகிற பாடு கொஞ்சம் குறையும். அந்தப் பாட்டுக்கும் பெற்றோல்தான் எரிகிறது. ஆகவே மிகச் சிறிய அளவில் மிச்சம் வர இடமிருக்கிறது, பெட்டியில் எழுதியதற்கு நேர்மாறான காரணத்தால். அப்படியானால் நான் சொன்ன "லாம்" பிழையா, சரியா? சொல்லும்போது இது எனக்குத் தெரியாது. தெரியாமல் சொன்னது தற்செயலாகச் சரியாகிப்போனால் அதை உண்மை சொன்ன கணக்கில் சேர்க்கலாமா?

உள்ளதைச் சொன்னால் என்னை அரிப்பது அவர் ஏமாந்தது இல்லை. அவர் ஏமாறவும் இல்லை. 30 கிலோமீற்றர் கிடைத்தது, ஒரு நோயாளி தெல்லிப்பழைக்குப் போனார். துருப்பிடித்த பின்னை உரஞ்சி உரஞ்சி என் பெருவிரல் தோல் போனதே, அந்தப் பேரை ஒரு சிவப்புத் துணிக் கூம்பு வாங்கிக்கொண்டதே, அதுதான். இதை எழுதும்போதுதான் எனக்கே விளங்குகிறது. அசிங்கமாக இருக்கிறது.

அடுத்த வருடம் சேர்விஸுக்கு வந்தபோது குழாயைக் கழற்றினேன். உட்சுவரில் விரலை ஓட்டினால் செம்பாட்டுத் தூசி. கூம்பின் அடிவளையம் சரியாகக் குந்தவில்லை, அந்த இடுக்கால் வந்திருக்கிறது. இந்தத் தூசி சிலிண்டருக்குள் போனால் என்ன செய்யும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. பழைய பெட்டி எங்கள் கராஜ் தட்டில்தான் கிடந்தது, சோக்கட்டியால் அவருடைய கார் நம்பர் எழுதி. "அண்ணை, பழசைத் திருப்பிப் பூட்டுவமே?" என்றேன். காரணமும் சொன்னேன், தூசியைக் காட்டியே சொன்னேன்.

"வேண்டாம் தம்பி. திரும்பவும் பன்னிரண்டுக்குப் போயிடும்."

போகாது என்று சொன்னேன். இந்த முறை தெளிவாக, "லாம்" இல்லாமல், பிறேக்கையும் ரயரையும் சேர்த்துச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஒரு பிள்ளை தன் சோதனைப் புள்ளியைக் கூட்டிச் சொல்லும்போது பெரியவர்கள் சிரிப்பார்களே, அப்படிச் சிரித்தார். அடிவளையத்தைச் சரியாகக் குந்தவைத்து, கிளிப்பை இறுக்கி, துணியைக் கழுவிக் காயவைத்துப் பூட்டிக் கொடுத்தேன்.

போன கிழமை கோல் எடுத்தார். மருமகன் ஹயஸ் வான் ஒன்று வாங்கியிருக்கிறாராம், டீசல். ரொறன்ரோவில் சொல்லிவைத்தால் அதற்கும் ஒரு பெட்டி வரும். "அதுக்கும் போடலாமோ தம்பி?"

டீசலில் அந்த வாசற்கதவுக்கே வேலையில்லை. எப்போதும் வேண்டியதைவிடக் கூடுதல் காற்றோடுதான் அது எரிக்கிறது. எவ்வளவு எண்ணெய் என்பதைப் பம்பும் இன்ஜெக்டரும் பார்த்துக்கொள்ளும். படலையை அகலமாக்கி ஒரு சதத்துக்கும் பிரயோசனம் இல்லை. இவ்வளவும் நாக்கு நுனியில் நின்றது.

"கொண்டு வாங்கோ அண்ணை, பார்ப்பம்" என்றேன்.

வெள்ளிக்கிழமை வருகிறார்.